ஈரக் கோணி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், திருத்தணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பஸ் டிரைவரின் மனைவி குடியிருந்தாள். ஒல்லி உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே ஆரம்பத்தில் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

அடுப்பு மூட்டும் முன் ஒரு கோணியை நனைத்துப் பிழிந்து பக்கத்தில் போட்டுக்கொள்வாள். நான் சிரிப்பேன். "கூர வூடாச்சே, நெருப்புக்குக் கண்ணு தெரியுமாக்கா?" என்பாள்.

ஆடிக் கிருத்திகையன்று நான் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய்ச் சட்டி குப்பென்று பற்றிக்கொண்டது. பதறிப்போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"ஐயோ, ஊத்தாதக்கா! எண்ணெ எகிறி கூர பத்திக்கும்!" என்று ஓடிவந்தவள், தன் கோணியால் சட்டியை மூடி, எரிகிற விறகை வெளியே இழுத்தாள். தீ அடங்கிவிட்டது.

என் மாமியார் கிருத்திகையன்று சாமிக்குப் படைக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவர் படையலுக்குச் சுட்டு வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"முருகன் ஒண்ணும் சொல்லமாட்டான், துன்னும்மா. வூட்டக் காப்பாத்துனவ நீதான்."

அவள் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்க எனக்குக் கை வரவில்லை.

பிறகு அவர்கள் அரக்கோணம் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் அடுப்பு மூட்டும் முன் நானும் கோணியை நனைத்துப் போடுகிறேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன எண்ணெய்ச் சட்டிதான் இன்னொரு தடவை பற்றித் தொலைக்க மாட்டேன் என்கிறது.