இருளாண்டியின் ஒன்பதாவது துண்டு

இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இருளாண்டிக்கு உத்தியோகம் என்று எதுவும் இல்லை. ஆயினும், அவர் இல்லாமல் அங்கிருந்து ஒரு வண்டியும் ஒழுங்காக நிரம்பியதில்லை. அவர் ஓட்டுநர் அல்லர், நடத்துநரும் அல்லர். வண்டி வந்து நிற்பதற்கு முன்பே சன்னல் வழியாகத் துண்டை வீசி, பிறருக்கு இடம் பிடித்துக் கொடுப்பவர்.

சுதந்திரம் வந்த ஆண்டில் அவர் அங்கே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் வண்டியின் கூரையிலிருந்து மிளகாய் மூட்டையோடு விழுந்ததில் இடது தோள் இறங்கிவிட்டது. வலக்கை மட்டும் பழுதில்லாமல் தப்பியது. அது சிறுவயதிலிருந்தே கண்மாயில் வீச்சுவலை வீசிப் பழகிய கை. துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் நனைத்து, அசைந்துவரும் வண்டியின் மூன்றாவது சன்னலுக்குள் வீசினாரென்றால், அது எதிர்ப்புற இருக்கையில் விரித்து வைத்ததுபோல் போய்ப் படியும். நனைக்காத துண்டு காற்றில் சுருண்டு அடுத்தவர் தலையில் விழும் என்பதை அந்நிலையத்தில் முதன்முதலில் கண்டறிந்தவரும் அவரே.

இடம் பிடிப்பதற்கென்று அந்நாளில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. கைக்குட்டை கிடந்தால், யாரோ தவறவிட்டதாகக் கருதப்படும். குடை கிடந்தால், ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்காரலாம். பையாக இருந்தால், அதைத் தூக்கி உரியவர் மடியிலேயே கொடுத்துவிடலாம். துண்டை மட்டும் எவரும் தொடுவதில்லை. கொலைவழக்கில் பிணையில் வந்த ஒருவர், வெறும் துண்டு ஒன்று சுகமாக வீற்றிருக்க, அதன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவாறே பரமக்குடிவரை போனதை ஊரே அறியும். அதிலும் இருளாண்டியின் துண்டுகள் ஒரே தறியில் நெய்த சிவப்புக்கரைத் துண்டுகள். சிவப்புக்கரை கிடந்தால், யாரோ ஒரு பெரிய மனிதர் வரப்போகிறார் என்று பொருள்.

இப்படிப் பத்தாண்டுகளாக ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்தவர், தமக்குரிய ஓர் இடத்தை மட்டும் கோட்டைவிட்டிருந்தார்.

அவருடைய தங்கை நாகலெட்சுமியைச் சாயல்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மூத்த மகளின் காதுகுத்துக்கு இருளாண்டி போய்ச் சேரவில்லை. திருவிழாக் கூட்டத்துக்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவர் ஏற வேண்டிய வண்டி போய்விட்டிருந்தது. அன்று மணையில் உட்கார்ந்து மடி கொடுத்தவர் பெரியப்பா மகன் பூமிநாதன். நாற்பது ஏக்கர் நிலமும் அதற்குத் தக்க வயிறும் உடையவர். “நம்ம மடியில ரெண்டு புள்ளைகளை உக்கார வைக்கலாம்” என்று அதை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது இளையவளுக்குக் காதுகுத்து. 1958ஆம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை, மாரியூர்க் கோயிலில். நாகலெட்சுமி ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தாள்: “பத்தரை மணிக்குள்ள வந்துருண்ணே. இந்தத் தடவையும் பூமி அண்ணன் மடிதான்னா, எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லேன்னு நெனச்சுக்கிருவேன்.”

அந்த வியாழக்கிழமைக்கு வேறொருவரும் அவரை நம்பியிருந்தார். மண்டபத்து ஜெய்னுலாபுதீன் மரைக்காயர், ஏர்வாடி தர்காவுக்குக் குடும்பத்தோடு போவதாகவும், காலை வண்டியில் எட்டு இடம் வேண்டும் என்றும் அஞ்சலட்டை போட்டிருந்தார். ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் வண்டி ஒன்றுதான். இருளாண்டி கணக்கிட்டுப் பார்த்தார். அவர்களுக்கு எட்டுத் துண்டு, தமக்கு ஒன்று. இவ்வளவு தெளிவான திட்டத்தில் பிழை நேர வழியே இல்லை.

வியாழன் காலை ஏழே கால் மணி வண்டி நிலையத்துக்குள் திரும்பியது. எட்டுத் துண்டுகளும் எட்டு இடங்களில் விழுந்தன. ஒன்பதாவதை, வாழ்க்கையில் முதன்முறையாகத் தமக்கென்று, பின்சக்கரத்துக்கு முந்திய சன்னலோர இருக்கையில் அவர் வீசினார். அது விழுந்த அழகைப் பார்க்கச் சற்று நேரம் நின்றார். பிறகு, தாய்மாமன் சீராகப் பட்டுப்பாவாடையும் வெள்ளிக்கொலுசும் வைத்த ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

அந்த இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு, முழங்காலை நீவியபடி உட்கார்ந்திருந்தார். துண்டு அவருக்கு அடியில் இருந்தது.

“எங்க மாமி, நூர் நிஷா. நானும் வாரேன்னு கடைசி நேரத்துல கெளம்பிட்டாக” என்றார் மரைக்காயர். “ஒன்பதாவது ஆளும் வரும்னு எப்படிய்யா கண்டுபிடிச்சே? பெரிய ஆளுய்யா நீ!”

“மொதலாளி, அது... அந்த எடம் எனக்குப் போட்டது.”

மரைக்காயர் சிரித்தார். வண்டியே சிரித்தது. நடத்துநர் சோணைமுத்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

“ஏண்ணே, காலங்காத்தால வெளையாடுறியா? ஒன் துண்டுல நீ என்னைக்கு உக்காந்திருக்கே?”

“இன்னைக்கு உக்காரணும்ப்பா. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து.”

“இருளாண்டி துண்டுன்னா அடுத்தவுகளுக்கு எடம். இதை நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே? இப்ப நீயே மாத்துனா நாளைக்கு எவன் மதிப்பான்?”

சட்டத்தை இயற்றியவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். நூர் நிஷா தலையை நிமிர்த்தி, “எந்திரிச்சுக் குடுத்துருவேன் தம்பி, இந்தக் கால் விடமாட்டேங்குதே. பெட்டியை இங்கன என் காலடியில வைங்க. ஒங்க மருமகளுக்கும் சேத்துத் தர்காவுல துஆ கேக்குறேன்” என்றார். எட்டுத் துண்டுகளையும் திரும்ப எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட இருளாண்டியால் ஒன்பதாவதைக் கேட்க முடியவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றால் என்ன, வண்டி போகாமலா இருந்துவிடும்?

வண்டி போகத்தான் செய்தது. திருப்புல்லாணி நெருங்கும்போது எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் கையை உயர்த்தி ஆட்டினார். ‘முன்னால் சோதனை’ என்பது அதன் பொருள். ஆட்களை நிற்கவைத்து ஏற்றி வந்தால் அபராதம். இதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. நிற்கும் பயணிகள் இறங்கி, கோயிலுக்குப் போகும் பக்தர்களைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சோதனையைத் தாண்டியதும் வண்டி நின்று அவர்களை ஏற்றிக்கொள்ளும். இதை அறியாதவர்கள் அவ்வழியில் இரண்டே வகையினர்: வெளியூர்க்காரர்கள், சோதனை செய்பவர்கள்.

“நிக்கிறவுக எல்லாம் எறங்கி மெல்ல நடங்க. அந்தப் புளியமரத்துக்கிட்ட ஏத்திக்கிருவோம்” என்றான் சோணைமுத்து. ஆறு பேர் இறங்கினார்கள். இருளாண்டியும் பக்திப் பரவசத்தோடு நடந்து புளியமரத்தை அடைந்தார்.

வண்டியும் வந்தது, ஆனால் நிற்கவில்லை. சோதித்த அதிகாரிக்குக் கீழக்கரையில் ஏதோ அலுவல் இருந்தபடியால், அவரும் அதே வண்டியில் ஏறிக்கொண்டார். உட்கார இடம் இல்லையாதலால், சட்டத்தின் காவலர் நின்றுகொண்டு வந்தார். அவர் கண்முன்னே மேலும் ஆறு பேரை ஏற்றச் சோணைமுத்துக்குத் துணிவில்லை. சன்னல் வழியாகக் கையை மட்டும் விரித்துக் காட்டினான். ஓலைப்பெட்டி போயிற்று. ஒன்பதாவது துண்டும், அமர்ந்திருந்தவரோடு சௌக்கியமாகப் போயிற்று.

அடுத்த வண்டி பதினொன்றரைக்கு. இருளாண்டி சாலையோரத்தில் நின்று, போவன வருவனவற்றுக்கெல்லாம் கை காட்டினார். கடைசியில் சாயல்குடிப் பக்கம் போகும் கருவாட்டு லாரி ஒன்று அவரை மூட்டைகளின்மேல் ஏற்றிக்கொண்டது. அங்கே இடத்துக்குப் போட்டியிட எவரும் இல்லை. கால்களை நன்றாக நீட்டி உட்கார்ந்தார். ஆனால் அந்தச் சுகத்தை அனுபவிக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடினால் மணையில் பூமிநாதன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாயல்குடியில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக மாரியூரை அடைந்தபோது மணி பதினொன்றரைக்கு மேல் ஆகிவிட்டது. கோயில் வாசலிலேயே குழந்தையின் அழுகுரல் கேட்டது. முடிந்தது என்று எண்ணிக்கொண்டார். உள்ளே போகக் கால் வராமல், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்பதற்குத்தான் அன்று எங்கும் இடம் கிடைத்தது.

“வந்துட்டியாண்ணே!” என்று நாகலெட்சுமி ஓடிவந்தாள். “என்னண்ணே, இந்த நாத்தம் நாறுறே?”

“கருவாட்டு லாரி. பூமி மடியிலதான் குத்துனீகளா?”

“எவன் மடியில? அங்கன பாரு.”

மணையின்மேல் சிவப்புக்கரைத் துண்டு விரித்துக் கிடந்தது. பக்கத்தில் பூமிநாதன், வயிற்றையும் வருத்தத்தையும் சுமந்துகொண்டு நின்றிருந்தார்.

நடந்தது இதுதான். ஏர்வாடியில் இறங்கும்போது நூர் நிஷா அந்தத் துண்டை உதறி மடித்து, சோணைமுத்துவிடம் கொடுத்திருக்கிறார். “இது அந்த மாமன்காரரோட எடம். பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துரு” என்றாராம். சாயல்குடியில் காத்திருந்த நாகலெட்சுமியின் கணவரிடம் பெட்டியையும் துண்டையும் கொடுத்த சோணைமுத்து, “மச்சான் பின்னால வாராரு. துண்டு முன்னால வந்துருச்சு” என்றிருக்கிறான். மணி பத்தேகால் ஆனதும் பூமிநாதன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மணையை நெருங்கினார். நாகலெட்சுமி அதற்கு முன்பே துண்டை விரித்துவிட்டாள்.

“துண்டு கெடக்குறது தெரியல? ஆளு வருது.”

சபையில் இருந்த அத்தனை பேரும் இராமநாதபுரத்தில் பேருந்து ஏறியவர்கள். சிவப்புக்கரையைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பூமிநாதனே இரண்டடி பின்வாங்கினார், கால் பழக்கம். ஆனால் நல்ல நேரம் துண்டுக்குக் கட்டுப்படவில்லை. பத்தரை ஆகப்போகிறது என்று ஆசாரி ஊசியோடு எழுந்தார். கடைசியில் குழந்தை சோணையம்மாளைத் துண்டின்மேலேயே உட்கார வைத்து, ஒரு காதைக் குத்தினார்கள். அந்த ஒரு காதிலேயே குழந்தைக்கு உலகம் விளங்கிவிட்டது. எழுந்து ஓடி, தேங்காய்ச் சாக்குகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த நேரம்வரை வெளியே வர மறுத்துவிட்டது.

“ஒரு காது ஒன் துண்டுக்குப் போச்சுண்ணே. இன்னொன்னு ஒனக்குத்தான். உக்காரு” என்றாள் நாகலெட்சுமி.

இருளாண்டி தயங்கினார். தம் துண்டின்மேல் தாமே உட்காருவது எப்படியென்று அவருக்குப் பழக்கமில்லை. தோளில் கிடந்த எட்டையும் இறக்கி வைத்துவிட்டு, ஒன்பதாவதன்மேல் மெல்ல அமர்ந்தார். நான்கு பேர் தூக்கிவந்த சோணையம்மாள், அவர் மடியில் விழுந்ததும் கருவாட்டு வாடையில் திகைத்து ஒரு கணம் அழுகையை நிறுத்தினாள். ஆசாரிக்கு அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது.

பந்தி தொடங்கியது. எல்லாரும் இலைக்கு இடம் பிடிக்க ஓடினார்கள். அழுது களைத்த குழந்தை மாமன் மடியிலேயே உறங்கிவிட்டது. பூமிநாதன் மட்டும் ஓடவில்லை. மணைக்கு அருகில் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணே, நாளைக்குக் காலையில மதுரைக்கு வக்கீலைப் பாக்கப் போறேன். ரெண்டு எடம் போட்டு வைக்கிறியா? சன்னல் ஓரமா.”

“தோள்ல இருந்ததையெல்லாம் அங்கன வச்சிருக்கேன். ரெண்டு எடுத்துக்க. முனையை நனைச்சு வீசு, படியும்.”

“அதெல்லாம் எனக்கு வராதுண்ணே. ராத்திரியே கெளம்பி ராம்நாடு வந்துரு. எந்திரி.”

இருளாண்டி மடியைப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது. அதை அசைக்காமலே சொன்னார்:

“புள்ளை முழிக்கட்டும்ப்பா. அதுவரைக்கும் இங்கன ஆள் இருக்கு.”