பிள்ளைக்குக் கேட்டதோ?

"ஹலோ, கேக்குதோ?" என்று கேட்பதுதான் என் தொழில். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் லாச்சப்பலில், நம்மவர் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுகிறேன்.

என் கம்பியில்லா மைக்குகள் ஓடிய அலைவரிசையை அரசாங்கம் கைத்தொலைபேசிகளுக்குக் கொடுத்துவிட்டது. அதில் இனி மைக் பாவிக்கக் கூடாது என்பது சட்டம். பாவித்தால், பக்கத்தில் யாராவது போன் பேசும்போது இரையும். "காத்தையும் வித்துப்போட்டாங்கள்" என்று திட்டிக்கொண்டே பழைய மைக்கையே காவித் திரிந்தேன்.

அன்று ஒரு செத்தவீடு. கட்டட வேலையில் தவறி விழுந்த இளைஞன். யாழ்ப்பாணத்தில் இருந்த தாய்க்கு விசா கிடைக்கவில்லை. அவர் மகனுக்குக் கடைசியாகச் சொல்வது சபைக்கும் கேட்கட்டும் என்று, இறந்தவனின் அண்ணன் வீடியோ அழைப்போடு போனை என் மேசைக்குக் கொண்டுவந்து மைக்கில் பிடித்தார்.

மண்டபம் முழுக்க இரைச்சல். தாயின் குரல் அதற்குள் அமிழ்ந்துபோனது. மறுபடி பிடித்தோம். மறுபடியும் அதேதான். எனக்கு முகம் எரிந்தது.

"மைக்கை நிப்பாட்டுங்கோ அண்ணை," என்றார் இறந்தவனின் அண்ணன்.

நிறுத்தினேன். அவர் திறந்திருந்த சவப்பெட்டிக்குள், தம்பியின் காதோடு போனை வைத்தார். அந்தத் தாய் நெடுநேரம் பேசினார். எங்கள் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

பிறகு போனை எடுத்த அண்ணன் அழத் தொடங்கிவிட்டார். அதை என் கையில் தந்தார். திரையில் அந்தத் தாயின் முகம்.

"தம்பி, பிள்ளைக்குக் கேட்டதோ?"

"ஓம் அம்மா. வடிவாக் கேட்டது."

புது மைக் வாங்கிவிட்டேன். இப்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் சோதிக்கிறேன். "கேக்குதோ?" என்று கேட்க வாய் வருவதில்லை.