விசாரிக்கப் போனவன்

பெங்களூர் பீன்யாவில் நான் குடியிருந்த வீட்டு மாடிக்கு ஒரு ஆணும் பெண்ணும் குடிவந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்கள். அதை மறைக்கவும் இல்லை. வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், கோயிலுக்குப் போகாமல் காபி குடிக்காதவர். அவர் காதில் போட்டுவைப்போம் என்று என் உடைந்த கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். "ஆத்ரே ஏனு? மோட்டார் ஆஃப் மாட்தாரல்லா" என்றார். அதனால் என்ன, தண்ணீர் மோட்டாரை மறக்காமல் நிறுத்துகிறார்களே என்று அர்த்தம். நான் இரண்டு முறை மறந்தவன். அந்த வீட்டில் ஒழுக்கம் கெட்டவன் நான்தான் என்று அன்று தெரிந்தது.

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கணக்கு வேறு. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுச் சுற்றிய நாட்களில், நண்பனுக்காக ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். நிச்சயமான ஒரு பெண் பஸ் கண்டக்டரோடு சிரித்துப் பேசினாள், நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். கடுதாசியில் அது எங்கெங்கோ போய்விட்டது. வரிக்கு இரண்டு எழுத்துப்பிழை. மாப்பிள்ளை வீட்டார் பிழையோடே நம்பினார்கள். கல்யாணம் நின்றது. பிறகு நான் திருப்பூர், பம்பாய், பெங்களூர் என்று அலைந்தேன். தகர ஷெட்டில் தூங்கியிருக்கிறேன், பெயர்கூடக் கேட்காத பெண்களோடு இருந்திருக்கிறேன். என்னைப் பற்றி யாரும் கடுதாசி போடவில்லை. ஊருக்குப் போனால், "ஏன்டா கறுத்துட்டே?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

இரண்டாயிரத்து நாலில் பெரியப்பா போன் செய்தார். "டேய், நம்ம பையன் செல்வத்துக்குப் பாத்திருக்கிற பொண்ணு அங்க கால் சென்டர்ல வேலை. காக்ஸ் டவுன்ல தங்கியிருக்கா. சுத்தமான பொண்ணான்னு விசாரி. நீ சொன்னாத்தான் தாம்பூலம் மாத்துவோம்."

அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்று போனேன். வாசலிலேயே அந்தப் பெண், கலைவாணி, பிடித்துவிட்டாள்.

"விசாரிக்க வந்தீங்களாண்ணா? நீங்க வருவீங்கன்னு செல்வம் சொன்னாரு. என்னையே கேளுங்க."

அவளே சொன்னாள்: "கூட வேலை செஞ்சவரோட ரெண்டு வருஷம் ஒண்ணாவே இருந்தேன். முடிஞ்சுபோச்சு. செல்வத்துகிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அவர் கதைய சொன்னாரு. என்னுது ஒண்ணு, அவருது மூணு."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவரை எனக்குப் புடிச்சிருக்குண்ணா. உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா எல்லாம் நின்னுடும்."

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பூத்திலிருந்து பேசினேன்.

"பொண்ணு எப்படிடா?"

"உங்க பையனைவிட மூணு மடங்கு ஒழுக்கம், பெரியப்பா."

"அப்படிச் சொல்லுடா!" என்றார். அன்று நான் எழுதியது பொய், நம்பினார்கள். சொன்னது நிஜம், அதையும் நம்பினார்கள்.

கல்யாணம் ஆம்பூரில். "இவன் பெங்களூர்க்காரன், தோண்டிப் பாத்துடுவான்" என்று பெரியப்பா என்னை எல்லோருக்கும் காட்டினார். கலைவாணியோடு வேலை செய்யும் பெண்களோ என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "ஊர்லேர்ந்து வேவு பாக்க வந்தாரே, அவருதான்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

மேடை ஏறினேன். "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா சார்?" என்றார் போட்டோக்காரர். செல்வம் பக்கம் ஓர் அடி வைத்தேன். கலைவாணி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். அந்தப் பக்கம் திரும்பினேன்.

"நடுவுல நிக்காதீங்க சார், மறைக்குது!" பின்னால் போய் நின்றேன்.

ஆல்பத்தில் அந்தப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு சட்டைத் தோள்பட்டை மட்டும் தெரிகிறது. ஊரில் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது யாரென்று தெரியவில்லை.