பொன்ராஜ் வளர்த்த சிலந்தி

பொன்ராஜின் வீட்டில் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பால்பவுடர் டின் ஆறு வருடம் இருந்தது. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஈர மண், ஒரு மரப்பட்டைத் துண்டு, பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. சாம்பல் நிறம், கால்களெல்லாம் மயிர். ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில், அவர்கள் லயத்தில் வரிசையாகப் பதினான்கு வீடுகள். டின்னைப் பற்றித் தெரியாத வீடு ஒன்றுகூட இல்லை.

"என்ன மச்சான், எட்டுக்கால் விருந்தாடிக்கு இன்னைக்கு என்ன கறி?" என்பான் பக்கத்து வீட்டு மொக்கையன்.

"கரப்பான்தான். ஒனக்கும் ரெண்டு எடுத்து வைக்கவா?"

"வேண்டாம்யா. எங்க வீட்டுல ஆக்குறதே அப்படித்தான் இருக்கு."

மொக்கையன் சிரிப்பான். பொன்ராஜும் சிரிப்பான். அவன் மனைவி அழகுத்தாய் மட்டும் சிரிக்கமாட்டாள்.

பொன்ராஜ் கம்பத்துப் பக்கத்திலிருந்து ஏழு வயதில் மலையேறி வந்தவன். களை வெட்டினான், கவாத்து வெட்டினான், பிறகு தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடிக்குப் போனான். பரப்பி வைத்த இலையில் ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்" என்பான். அது சரியாக இருக்கும். துரைகூட அவன் சொன்ன பிறகுதான் இலையை இறக்கச் சொல்வார். அழகுத்தாய் கொழுந்து பறித்தாள். அவர்களுக்கு ஒரே மகள், சாந்தம்மாள்.

எழுபத்தொன்றாம் வருடம் ஆடி மழையில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகில் கை விட்ட சாந்தம்மாளை இந்தச் சிலந்தி கடித்தது. எட்டு வயதுப் பிள்ளை. விரல் வீங்கிவிட்டது. முந்தின நாளே பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வந்து படுத்தவள்தான்; சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருந்தாள். கடித்த சாயங்காலம் உடம்பு கொதித்தது. கழுத்து வலிக்கிறது என்று அழுதாள்.

அழகுத்தாய் மூன்று மிளகை எடுத்து மகளின் வாயில் போட்டாள். விஷம் ஏறியவர்களுக்கு மிளகு உறைக்காது. லயத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"மெல்லுடி. உறைக்குதா?"

"இல்லம்மா."

இன்னும் மூன்று போட்டாள். அதுவும் உறைக்கவில்லை.

"விஷந்தாங்க. தூக்குங்க" என்றாள்.

கடித்ததைப் பார்க்காமல் விஷ வைத்தியர் மருந்து கொடுக்கமாட்டார். அதனால் பொன்ராஜ் விறகைக் கலைத்துச் சிலந்தியைப் பால்பவுடர் டின்னுக்குள் தள்ளி மூடினான். ஒரு கையில் டின், தோளில் பிள்ளை. எஸ்டேட் டிஸ்பென்சரியைத் தாண்டித்தான் வழி. அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் செபாஸ்டின் வராந்தாவில் நின்றிருந்தார்.

"பொன்ராஜே, கொச்சுக்கு பனி போல இருக்கு. இவிட கொண்டு வா, நோக்கட்டே."

"வெறும் காய்ச்சல் இல்ல சார், சிலந்திக்கடி. பச்சை மருந்து குடுக்கப் போறோம். நடுவுல இங்கிலீஷ் மருந்து சேந்தா முறிஞ்சு போகும்."

செபாஸ்டின் படியிறங்கி நாலு அடி கூடவே வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

வைத்தியர் வீட்டில் இரண்டு நாள் சாறும் பற்றும் கொடுத்தார்கள். தூங்கவிடக்கூடாது என்று பிள்ளையைத் தட்டித் தட்டி எழுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் தட்டியும் எழவில்லை.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, டின் அதே பலகையில் இருப்பதை பொன்ராஜ் பார்த்தான். நசுக்கினால் ஒரு நொடியில் போய்விடும் என்று தோன்றியது. பட்டினி கிடந்து சாகட்டும் என்று மூடி வைத்தான்.

அது சாகவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், கார்த்திகை தாண்டியும் உயிரோடு இருந்தது. தினமும் திறந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அது எப்போது அசைகிறது, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரிந்துபோயிற்று. எட்டாவது மாதம் வயிறு சுருங்கி, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. அன்று தொழிற்சாலை விறகுக் கொட்டகையில் ஒரு கரப்பானைத் தீப்பெட்டியில் பிடித்து வந்து உள்ளே விட்டான். ஏன் விட்டான் என்று அழகுத்தாய் கேட்கவில்லை.

பிறகு அது வழக்கமாயிற்று. வாரத்துக்கு ஒரு கரப்பான். பஞ்சில் நனைத்துச் சொட்டும் தண்ணீர். மண் அதிகம் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் அது பட்டையை விட்டு வெளியே வரும். இலையை அமுக்கிப் பார்ப்பதுபோலவே மண்ணையும் அமுக்கிப் பார்ப்பான். மறு வருடம் ஒருநாள் அது மல்லாந்து கிடந்தது.

"செத்துருச்சு. தூக்கிப் போடுங்க" என்றாள் அழகுத்தாய். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

அவன் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுப் பக்கம் பிளந்து, பழைய தோலுக்குள்ளிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு புதிதாக வெளியே வந்தது. இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். அழகுத்தாய் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுபத்தாறில், பாலக்காட்டிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் பூச்சி பிடிக்க எஸ்டேட்டுக்கு வந்தார். அர்த்தநாரி என்று பேர். மொக்கையன்தான் அவரை அழைத்து வந்தான்.

"ஏனுங்க, இத்தன வருசமா இதைய உசுரோட வெச்சிருக்கறீங்களா? நாங்க புடிச்சா நாலு மாசம் தாங்க மாட்டேங்குதுங்க" என்றார்.

சிலந்தியை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாற்றி, அது கண்ணாடியில் ஏறும்போது அடிப்பக்கத்தைக் காட்டினார். முன்னங்கால்களின் அடியில் பளிச்சென்று மஞ்சள் பட்டை. ஐந்து வருடமாகப் பார்த்தும் பொன்ராஜ் அதைப் பார்த்ததில்லை.

"இது கடிச்சா ஆள் சாகுமா சார்?"

"பேரு தெரியாம எதுவும் சொல்லக்கூடாதுங்க. இதுல பல சாதி இருக்குதுங்க. அடுத்து தோலுரிக்கறப்ப அந்தத் தோலை ஒடையாம அனுப்புங்க. பார்த்து எழுதறனுங்க."

மகளைப் பற்றி அவன் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அழகுத்தாய் சொன்னாள்: "பேரு வரட்டும். கொல்லுற சாதின்னு தெரிஞ்சா அன்னைக்கே கொன்னுரணும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா என்ன இல்லைன்னா?"

அந்தக் கேள்வி அவனை விட்டுப் போகவில்லை. கொல்லும் என்றால் மகள் விதி முடிந்து போனாள். கொல்லாது என்றால் அவள் எதனால் போனாள்? அதை ஒரு பேர் வந்துதான் சொல்ல வேண்டும்.

மாசியில் அது தோலுரித்தது. கையுறை மாதிரி கழன்று கிடந்த தோலைப் பஞ்சில் பொதிந்து, பவுடர் டப்பாவில் வைத்து அனுப்பினான். சித்திரை முடியப் பதில் வந்தது. ஆபீசில் வாங்கி, விறகுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

தோல் உடையாமல் வந்ததற்கு நன்றி. பெண் சிலந்தி. பொசிலோத்தீரியா என்ற இனம், மரப்பொந்தில் வாழ்வது. 'இது கடித்தால் வலி, வீக்கம், தசைப்பிடிப்பு வரும். சில நாள் படுத்தும். உயிர் போனதாக எங்கும் பதிவு இல்லை. தைரியமாக வளர்க்கலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் மூடியை மட்டும் இறுக்கி வையுங்கள்.'

மூன்று தடவை படித்தான். போன மழைக்காலத்தில் தனக்குக் காய்ச்சல் வந்தது நினைவுக்கு வந்தது. நார்த்தங்காய் ஊறுகாயைத் தின்றும் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் நாளே தலைவலி என்று வந்து படுத்தாள் பிள்ளை. டிஸ்பென்சரிப் படியிலிருந்து செபாஸ்டின் கூடவே வந்தது நாலு அடி. அந்த நாலு அடியும் சிலந்திக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். கடிதத்தில் உள்ளதைச் சொன்னால், மிளகைப் போட்டவளுக்கும் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபோது அழகுத்தாய் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"கடுதாசி வந்துச்சாமே. மொக்கையன் சொன்னான்."

"வந்துச்சு."

"பேரு என்னவாம்?"

சொன்னான். அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வாயில நுழையல" என்றாள். பிறகு, தலையைத் தூக்காமல், "கொல்லுமாமா?"

"கொல்லுமாம்."

விரல்கள் நின்றன.

"நிசமாவா?"

"எழுதியிருக்காரு. சின்னப் பிள்ளைகளுக்கு மருந்தே இல்லையாம். எங்க கொண்டு போனாலும் பொழைக்காதாம்."

அழகுத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஆறு வருடத்தில் அவள் அப்படி மூச்சு விட்டு அவன் பார்த்ததில்லை.

"அப்ப வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போனது தப்பில்ல."

"தப்பில்ல."

"நான் மிளகு குடுத்துப் பாத்தது..."

"அதுவும் சரிதான்."

அவள் எழுந்து, உலை கொதித்துக்கொண்டிருந்த பானையை இறக்கினாள்.

"எடுங்க அதை."

பொன்ராஜ் நின்றான். காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தான். பிள்ளையைக் கொன்றதை யாராவது காட்டில் விடுவார்களா? டின்னைப் பலகையிலிருந்து எடுத்தான். பின்வாசலில் வைத்து மூடியைத் திறந்தான். பழகிய கை என்று நினைத்ததோ என்னவோ, அது பட்டையை விட்டு ஒரு கால் முன்னே வைத்தது.

அழகுத்தாய் ஊற்றினாள். தகரத்தில் கால்கள் உரசும் சத்தம் கொஞ்ச நேரம்கூட இல்லை.

மண்ணைக் கொட்டிவிட்டு, டின்னைச் சாம்பல் போட்டுத் துலக்கி வெயிலில் கவிழ்த்தாள். "நல்ல டின்னு. மல்லி போட்டு வைக்கலாம்" என்றாள். பிறகு உலைக்கு வேறு தண்ணீர் வைத்தாள்.

பொன்ராஜ் கடிதத்தை அடுப்பில் போடச் சட்டைப் பைக்குள் கை விட்டான். கூடவே தீப்பெட்டியும் வந்தது. உள்ளே ஏதோ பிராண்டியது. கடிதம் வாங்கப் போகும் முன்னால் கொட்டகையில் பிடித்த கரப்பான். கடிதத்தைத் தீயில் வைத்துவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து தரையில் வைத்தான். அது சுவரோரமாக ஓடியது.

"வீட்டுக்குள்ளயா விடுறீங்க? அரிசிப் பானைக்குள்ள போகப் போவுது" என்று அழகுத்தாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.