ஆறு சட்டைகள்

சினிமாவில் யாராவது கந்தல் உடுத்திக்கொண்டு அழுதால் எனக்குக் கண்ணீர் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. அந்தத் துணியைக் கந்தலாக்க எத்தனை பேர் உட்கார்ந்து மெனக்கெட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பத்து நாள் நானும் அந்த வேலை பார்த்தவள்தான்.

சூரியநெல்லிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்கு ஷூட்டிங் நடந்தது. நான் அப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். உடைப் பிரிவுக்குத் தலைவராக வந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவருக்கு உள்ளூரில் ஊசி பிடிக்கத் தெரிந்த ஆள் ஒன்று வேண்டியிருந்தது. யாரோ என் வீட்டைக் கை காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒரே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

போனதும் பார்த்த முதல் காட்சியே அண்டா நிறையத் தேயிலைச் சாயம் கொதிப்பதுதான். புதுச் சேலைகளை அதில் முக்கி எடுத்தார்கள். பிறகு உப்புத்தாளால் முந்தானையைத் தேய்த்தார்கள், பிளேடால் ஓரத்தைப் பிசிறாக்கினார்கள், சேற்று நிறத்தைப் பீய்ச்சி அடித்தார்கள். தோட்டக்காரப் பெண்கள் உடுத்துகிற சேலையாம். இருநூறு அடி தள்ளி மேட்டில் நிஜமான தோட்டக்காரப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் துணியில் தேயிலைக் கறை சும்மாவே ஏறிக்கிடந்தது. அதைப் போக்க எத்தனை சோப்புத் தேய்த்திருப்பார்கள்.

கதாநாயகனின் சட்டை முன்பக்கம் உடம்போடு ஒட்டி அவ்வளவு அழகாக இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் முதுகு நெடுக கிளிப். பணக்கார மாமியாராக வந்த அம்மாளின் பட்டுச் சேலையில் ஜரிகையே கிடையாது, தங்க நிறப் பெயின்ட். கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் ஓரம் அடித்திருந்தது, மறுபக்கம் நூல் தொங்கியது. மானிட்டரில் பார்த்தால் கோயில் விக்ரகத்துக்குச் சாத்தியது மாதிரி மின்னும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஏமாந்துபோகிறோம் என்று தெரிந்தேதான் ரசித்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாம் நாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கதாநாயகி புருஷனை இழந்தவள். அவள் வேலைக்குப் போட்டுக்கொள்ள நிஜமான பழைய சட்டை ஒன்று வேண்டும், தைத்தால் அந்தப் பழசு வராது என்றார். எங்கள் பக்கம் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். செடிக் குச்சி கையைக் கிழிக்கும், குளிர் அடிக்கும், அட்டைக் கடி வேறு. மேட்டில் பெண்கள் இறங்கி வரும்போது அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டையைக் காட்டி, "அதுதாம்மா வேணும், அந்த நீலக் கட்டம்" என்றார்.

அது என் அம்மா.

அப்பா செத்து அப்போது நாலு வருஷம். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர், ஒரு மழைக்காலம் முழுக்க இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் அவருடைய துணிமணிகளை எல்லாம் கொடுத்துவிட்ட அம்மா இந்த ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கேட்டவர்களிடம், "வேலைக்குச் சட்டை வேணும்ல" என்றாள். நானும் அதை அப்படியே நம்பினேன். வேலைக்கான சட்டை, அவ்வளவுதான். சட்டைப் பையில் அப்பாவின் பீடி சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. அன்றைக்குக் கைக்குக் கிடைத்த சிவப்பு நூலால் அம்மா அதை அடைத்திருந்தாள். நீலத் துணியில் சிவப்பு நூல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். தையல் படித்த எனக்கு அது மானக்கேடாக இருந்தது. வேறு சட்டை போடச் சொல்லி எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திரும்பக் குடுத்துருவாங்களா?"

"ஒரு வாரம்மா. அப்புறம் நானே கொண்டாந்து தாரேன்."

"தொலைச்சுப்புடுவாங்க புள்ள. அவங்களுக்கு என்ன தெரியும்."

"நான் அங்கனதான இருக்கேன். நான் பொறுப்பு."

அம்மா சட்டையைக் கழற்றினாள். துவைக்கவா என்று கேட்டாள். துவைக்கக் கூடாதாம் என்றேன். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் அக்கம்பக்கத்தில் ஒரு பழைய ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மாஸ்டர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சிவப்புத் தையல்மேல் அவருக்கு உயிர். "இதை யாராலயும் யோசிக்க முடியாதும்மா" என்றார். நான் வெட்கப்பட்ட அதே தையல். பிறகு, கடைசியில் ஒரு சீனில் சட்டை எரியும், ஒரே டேக்கில் டைரக்டர் விடமாட்டார், அதனால் இதேபோல இன்னும் ஐந்து வேண்டும் என்றார். போடியிலிருந்து ஏறக்குறைய அதே கட்டம் போட்ட துணி வந்தது. தொட்டவுடனே தெரிந்தது, பாதிக்குமேல் பாலியஸ்டர். அப்பாவின் சட்டை சுத்தப் பருத்தி. கேமராவுக்கு அது தெரியாது என்றார்கள்.

ஐந்தையும் நான்தான் தைத்தேன். காலர் நைந்த இடம், கை மடித்த தடம், எல்லாம் வைத்தேன். சாய அண்டாவில் முக்கினார்கள். கடைசியாகப் பையில் சிகரெட்டால் ஓட்டை போட்டுத் தந்தார்கள், சிவப்பு நூலை எடுத்து அம்மா தைத்த மாதிரியே கோணல்மாணலாக அடைத்தேன். அம்மா நூலை முடிக்கும்போது உள்பக்கம் இரண்டு முடிச்சுப் போடுவாள், அதையும் விடவில்லை. ஆறையும் பெஞ்சில் பரப்பியபோது மாஸ்டர் சிரித்தார். "எது ஒரிஜினல்னு எனக்கே தெரியலம்மா. மெட்ராஸுக்கு வந்துருங்க, அடுத்த படத்துக்குக் கூப்பிடுறேன்." எனக்குக் காலம் கனிந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பாவின் சட்டையில் ஒரு சின்ன அடையாளம், மடிப்புக்குள் ஒரு கறுப்பு நூல், வைக்க வேண்டும் என்று இந்த மடச்சிக்குத் தோன்றவில்லை. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

எரிகிற சீனைப் பொழுது சாய்கிற நேரத்தில் எடுத்தார்கள். சூரியன் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பரபரப்பு. ஆறு சட்டையும் ஒரே சாக்கில் கிடந்தன. எடுத்து நீட்ட வேண்டியது நான். முதல் சட்டையை எடுத்தபோதே பையைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூல், இரண்டு முடிச்சு. துணியை விரலில் தேய்த்துப் பார்க்கலாம் என்றால், தீ சீக்கிரம் அணையக் கூடாது என்று எல்லாவற்றிலும் எதையோ தடவி வைத்திருந்தார்கள், பிசுபிசுத்தது. "என்னம்மா, குடுங்க" என்று மாஸ்டர் கை நீட்டினார். ஒரு நிமிஷம் சார், இதில் ஒன்று எங்கப்பா சட்டை, தேடி எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தொந்தரவு பிடித்தவள் என்று நினைத்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டாரே. கொடுத்தேன்.

முதல் இரண்டும் சுருண்டு, உருகி, சொட்டுச் சொட்டாக விழுந்து எரிந்தன. கதாநாயகியின் கண்ணீர் சரியாக வரவில்லை என்று மறுபடி. மூன்றாவதை அவள் தீயில் போட்ட மாத்திரத்தில் குப்பென்று பற்றி, அவள் நிமிர்வதற்குள் சாம்பலாகப் பறந்துவிட்டது. ஒரு சொட்டுக்கூட உருகவில்லை. டைரக்டர் கத்தினார்: "என்ன துணி இது, படக்குன்னு எரியுது. வேற குடுங்க."

பருத்தி அப்படித்தான் எரியும். தையல்காரிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். நாலாவதையும் ஐந்தாவதையும் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது சரியாக வந்துவிட்டது, கைதட்டினார்கள்.

மிச்சமிருந்த ஒன்றை வீட்டில் துவைத்து, காயவைத்து, அம்மாவிடம் நீட்டினேன்.

"இந்தாம்மா. சொன்ன மாதிரி கொண்டாந்துட்டேன்."

அம்மா வாங்கிக்கொண்டாள். பையை ஒருமுறை தடவினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள், நான் பார்ப்பதைக் கண்டு சும்மா தோளில் போட்டுக்கொண்டாள். அந்த வாரமே மழை பிடித்தது. வேலை முடிந்து வந்தவளின் வெள்ளைப் பாவாடை முழுக்கப் பழுப்பாக இறங்கியிருந்தது, சட்டையிலிருந்து வழிந்த தேயிலைச் சாயம். துவைக்கிற கல்லில் பழுப்புத் தண்ணீர் ஓடுவதை நான் பார்த்தேன், நான் பார்ப்பதை அம்மா பார்த்தாள். மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனாள்.

மெட்ராஸிலிருந்து ஒரு போனும் வரவில்லை. நான் செய்தால் எடுக்கவும் இல்லை.

அடுத்த பொங்கலுக்கு டிவியில் அந்தப் படம் போட்டார்கள். மத்தியானம் லயமே எங்கள் பக்கத்து வீட்டில் கூடிவிட்டது. அந்தா நம்ம மேடு, இந்தா நம்ம ஆபீஸ் ரோடு என்று ஒரே கூத்து. பழுப்புச் சேலைகள் எல்லாம் திரையில் அவ்வளவு பாந்தமாக இருந்தன. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் துணி, அதே கறையோடு, அழுக்காகத்தான் தெரிந்தது.

கதாநாயகி நீலக் கட்டத்தில் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா திரும்பினாள். "எக்கா, இது உங்க சட்டைல?"

"ஆமா" என்றாள் அம்மா.

கடைசியில் கதாநாயகி அந்தச் சட்டையை நெஞ்சோடு அணைத்தாள். புது வாழ்க்கையைத் தொடங்க வேண்டுமாம், அதனால் தீயில் போட்டாள். அந்திச் சூரியன், வயலின், கண்ணீர் எல்லாம் கச்சிதம். சட்டை மெல்லச் சுருண்டு, உருகி, சொட்டியது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. அப்பாவின் சட்டை எரிந்தது படத்தில் வரவே இல்லை. சரியில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எத்தனைய எரிச்சாங்க?"

அப்போதுதான் தெரிந்தது, அவள் அத்தனை நாளும் எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று. "அஞ்சும்மா" என்றேன்.

அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தா எரியுதுல்ல, இதாவது அவரு சட்டையா?"

சட்டை இன்னும் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா. இதுதான்."

"அப்பச் சரி" என்றாள். அது எரிந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விளம்பரம் வந்ததும் எழுந்துபோய், கொடியில் காய்ந்த நான் தைத்த சட்டையை மறுநாள் வேலைக்கு எடுத்து மடித்து வைத்தாள்.