கழுவிய தண்ணீர்

மேடத்தின் பூச்சைத் தடவி உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிட்ட இரும்புத் தகடு நாலாவது நாளே துருப்பிடித்ததை முதலில் பார்த்தவன் நான்தான். ஒரு மாதமானாலும் பளபளவென்று இருக்கும் என்று மேடம் கட்டுரை எழுதியிருந்தார். அச்சில் வந்து, ஊரெல்லாம் பாராட்டிய கட்டுரை. வேறொரு ஊர் ஆய்வகத்திலிருந்து, "எங்களுக்கு அப்படி வரவில்லையே" என்று கடிதம் வந்த பிறகுதான் மறுபடி செய்து பார்த்தோம். மறுவாரம் அவருக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல்.

பொருளறிவியல் துறையில் நான் ஆய்வக உதவியாளன். அங்கே ஆசிரியராக இருந்த மேடம் கன்னிவாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் இரண்டு வருடத்துக்கொரு முறை அரித்துப்போகுமாம். இரும்பு துருவேறாமல் காக்கும் பூச்சு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கே ஆறு வருடத்தைக் கொடுத்திருந்தார். பூச்சைத் தடவிக் காயவைப்பது அவர் வேலை. காய்ந்த தகட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி அடுப்பில் உலர்த்துவது என் வேலை.

"அண்ணே, போன தடவ செஞ்சதுல ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்தல மேடம்."

பச்சைப் பொய். போன தடவை, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியில் சூட்டுக் கம்பி எரிந்துபோய், புதிது வரும்வரை குழாய்த் தண்ணீரையே கேனில் நிரப்பியவன் நான். தண்ணீர்தானே, இதில் என்ன இருக்கிறது என்ற மெத்தனம். இப்போது சொன்னால் என் வேலை போய்விடுமோ என்ற பயம். ஐந்து நாள் மேடம் சரியாகச் சாப்பிடாமல் தன் கணக்குகளிலேயே தப்பைத் தேடினார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நேர்காணல் அன்று ஃபைலோடு அவர் படியேறும்போதுதான் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வந்தது. "செத்த நில்லுங்க மேடம்" என்று ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்புட்டு நாளு?"

"ஒரு மாசம் மேடம்."

கட்டுரையில் போனது அந்த மாதத்துத் தகடுகள்தான். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப தகட்டக் காப்பாத்துனது என் பூச்சு இல்ல. நம்ம தண்ணியில இருக்க சுண்ணாம்பு படிஞ்சு காப்பாத்திருக்கு" என்றார். உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். "சொல்லிட்டேண்ணே. கட்டுரையத் திரும்ப வாங்குறேன்னுட்டேன்."

"என் பேரச் சொன்னீங்களா மேடம்?"

"தண்ணியப் பாக்க வேண்டியது நானு. உங்க பேரு எதுக்கு?"

பதவி வரவில்லை. பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. இப்போது அவர் பேராசிரியர். புதிய பூச்சு ஒன்று நன்றாகவே தாங்குகிறது. அன்றைய விஷயத்தை ஒரு நாளும் அவர் பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு முறையும் கழுவுவதற்கு முன்னால் கேனுக்குள் தண்ணீரின் சுத்தத்தை அளக்கும் மீட்டரை விட்டு, எண்ணை அவரே குனிந்து பார்க்கிறார். நான் தகட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

"சரி, கழுவுங்கண்ணே" என்கிறார்.