வெள்ளை அரிசியும் வெள்ளை வாத்தும்

ரயில் நிலையத்திலிருந்து மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தேன். மற்றது வழியில் கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. என் மனைவி அஞ்சலைதான் வாசலில் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, ஒரு கால் மட்டும் கோயிலுக்குப் போய்ட்டு வருதா?"

பெரிபெரி என்றார் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் (நரம்பு மரத்துக் கால் வீங்கும் நோய், முற்றினால் இருதயத்திலும் கை வைக்கும்). சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் யார் வீட்டுக் காலோ என்று தொங்கியது.

"கிராணியாரே, என்ன அரிசி சாப்பிடுறீங்க?" (கிராணி என்றால் குமாஸ்தா.)

"வெள்ளை அரிசிங்க. நல்லா தீட்டினது," என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"தோட்டத்து ஆளு புழுங்கல் அரிசி தின்னுட்டு மரம் வெட்டுறான். உங்களுக்கு மட்டும் துரை சோறா?"

புழுங்கல் (நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தியது) கூலிக்காரர் சோறு என்று வீட்டைவிட்டு விரட்டியவன் நான். அஞ்சலை எனக்குத் தெரியாமல் தனக்கு மட்டும் அதையே பொங்கித் தின்றிருக்கிறாள். அவள் கால்கள் தேக்குக் கட்டையாக இருந்தன.

சோற்றை மாற்றி, படுத்துக் கிடந்து, வீக்கம் வடிந்தபின் நடக்கச் சொன்னார்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி ஊருக்கே கப்பலேற்றிவிடுவார்கள்.

நடந்தேன். தெருவே எனக்கு விரோதி. செங்கல் சூளைப் புகை கண்ணைக் கரித்தது. மாட்டுவண்டிக்காரன், "ஓரமா போங்க கிராணி, மாடு அவசரமா போகுது," என்றான். சூளைச் சுவருக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் கேட்பாரற்றுப் பழுத்திருந்தது. தின்றேன். அதற்காக நடையை மன்னித்துவிடவில்லை.

ரயில் நிலையம் போகும் வழியில் ஒரு சீனத்தியின் காய்கறித் தோட்டத்தில் பெரிய வெள்ளை வாத்து ஒன்று. அது துரத்தும், நான் தடியை வீசித் தப்புவேன். ஒருநாள் வீட்டில் அஞ்சலை என் கெண்டைக்காலைப் பார்த்தாள். ரத்தம்.

"வாத்து கடிச்சிருக்கு. தெரியலையா?"

"தெரியல."

அன்று அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், அந்த வாத்தின் வைக்கோல் கூட்டில் என் செருப்பைக் கண்டேன். முட்டைகளோடு சேர்த்து அதையும் அடைகாத்துக்கொண்டிருந்தது. திருட்டு வாத்து! வேலிக்குள் கையை விட்டேன். வெளியே பாய்ந்து வந்து, பழைய இடத்திலேயே கவ்வியது.

"ஐயோ!"

கத்தியபிறகுதான் எனக்கே உறைத்தது. உடனே மற்ற காலையும் நீட்டினேன். அதையும் கவ்வியது. மந்தமாக வலித்தது, ஆனாலும் வலித்தது. சீனத்தி ஓடிவந்து, "கீலா! கீலா!" என்று மலாயில் என்னைப் பைத்தியமாக்கினாள். செருப்பை வாத்துக்கே விட்டுவிட்டு வந்தேன்.

"அஞ்சல, வலிக்குது!"

"ரொம்பவா?"

"உயிர் போகுது."

"நல்லா வலிக்கட்டும்," என்று திரும்பிக்கொண்டு, எரிகிற அடுப்பையே ஊதினாள்.

மரத்த காலோடு இதைப் படிப்பவர்களே, வாத்து தேடி அலைய வேண்டாம். புழுங்கல் அரிசி தேடுங்கள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். முன்பு ரயில் நேரப்படி நடந்தேன். இப்போது கால் சொல்லும் நேரப்படி. கல் குத்தினால் நின்று, ஆசை தீரத் திட்டுகிறேன். ஆனால் அந்தக் கல்லை ஓரமாக எறிவதில்லை. நாளைக்கும் அங்கேயே கிடக்கட்டும்.